நவோனே என்ற பெயர் இரண்டாம் முறை

2025 பிப்ரவரி, பியூனஸ் அயர்ஸ் டென்னிஸ் போட்டியின் காலிறுதி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மடிக்கணினியின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது செட். மரியானோ நவோனேவுக்கு மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் அவருடையது. அர்ஜென்டினாவில் அர்ஜென்டினா ஆட்டக்காரர், அரங்கம் முழுக்க அவர் பக்கம். எதிரே பிரேசிலின் ஜோவாவ் ஃபொன்சேகா, வயது 18.

மடியில் என் நோட்டு திறந்திருந்தது. அதில் ஃபொன்சேகாவின் பக்கத்தில் இடது ஓரம் நவோனேவின் பெயர் ஏற்கெனவே இருந்தது. கிட்டத்தட்ட ஓர் ஆண்டுக்கு முன்பு எழுதியது.

அந்த நோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2010-இலிருந்து வைத்திருக்கிறேன். ஜூனியர் டென்னிஸிலிருந்து மேலே வரும் பையன்கள், பெண்களில் என் கண்ணில் பட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம். கோப்பைகளை எழுதுவதில்லை, அதைக் குறித்துவைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இடது பக்கம் யாரிடம் தோற்றார்கள் என்று எழுதுவேன். வலது பக்கத்தைக் காலியாக விடுவேன். அதே ஆளை மறுபடி சந்தித்தால் என்ன நடந்தது என்று அப்போது நிரப்புவேன். பல பக்கங்களில் வலது பாதி இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

இப்படி ஒரு பழக்கம் ஏன் வந்தது என்பதற்குக் காரணம் உண்டு. நானும் ஜூனியர் ஆடியவன். 18 வயதுவரை ஆடினேன், ஓரளவு நன்றாகவே ஆடினேன். அப்புறம் தொழில்முறைப் போட்டிகளின் அடிமட்டத்தில் ஒன்றரை ஆண்டு. அந்தக் காலத்தில் அவற்றை ஃபியூச்சர்ஸ் என்பார்கள். இப்போது எம்15, எம்25 என்கிறார்கள், பெயர் வைத்த காலத்தில் பரிசுத்தொகை 15 ஆயிரம் டாலர், 25 ஆயிரம் டாலர் என்று இருந்ததைக் குறிக்கும் பெயர்கள். என் கடைசிப் போட்டியில் தகுதிச் சுற்றின் மூன்று ஆட்டங்களையும் வென்று பிரதான சுற்றுக்கு வந்தேன். அங்கே ஒரே ஓர் ஆட்டம் வென்றால் ஒரு தரவரிசைப் புள்ளி. ஒரு புள்ளி இருந்தால் உலகத் தரவரிசைப் பட்டியலில் எங்கோ அடியில் நம் பெயர் அச்சாகும். மூன்றாவது செட் 5-4, என் சர்வ், 40-30. முதல் சர்வ் வலையில் பட்டது. இரண்டாவது சர்வைப் பயந்து பயந்து தள்ளிவிட்டேன், அதுவும் வலையில். 7-5 என்று தோற்றேன். அடுத்த மூன்று மாதத்தில் ஆடுவதையே நிறுத்திவிட்டேன். அந்தப் புள்ளி எனக்குக் கிடைக்கவே இல்லை.

அதனால் ஒரு பதினேழு வயதுப் பையன் மேலே ஏறுவதைப் பார்க்கும்போது நான் பார்ப்பது அவன் ஃபோர்ஹேண்டை அல்ல. தோற்ற ஆளிடம் திரும்பிப் போய் நிற்கிறானா, நின்றால் அவன் கையில் என்ன மாறியிருக்கிறது, அதைத்தான்.

ஃபொன்சேகாவின் பக்கத்தை நான் தொடங்கியது 2023 செப்டம்பரில். அமெரிக்க ஓப்பன் ஜூனியர் இறுதி ஆட்டம். எதிரே அமெரிக்காவின் லெர்னர் டியென், இடது கைக்காரர், சத்தமில்லாமல் ஆடுபவர், பந்தை எங்கே வைத்தால் எதிராளிக்கு வலிக்கும் என்று தெரிந்தவர். முதல் செட்டை டியென் எடுத்தார். பிறகு ஃபொன்சேகா 4-6, 6-4, 6-3 என்று திருப்பினார். அந்த ஆண்டு முடிவில் ஜூனியர் தரவரிசையில் முதலிடம் அவருக்கு. வயது 17.

ஜூனியர் முதலிடம் என்றால் வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியும். பெரிய விஷயம்தான், ஆனால் அது எதைக் காட்டும், எதை மறைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். 13 வயது முடிந்த நாளிலிருந்து 18 வயது ஆகும் ஆண்டின் கடைசிவரை ஆடலாம். ஜே30 என்ற சின்னப் போட்டியில் தொடங்கி ஜே500 வரை படிகள், அதற்கும் மேலே நான்கு கிராண்ட் ஸ்லாம்களின் ஜூனியர் பிரிவு. அங்கே எல்லா ஆட்டமும் மூன்று செட்தான். எதிரே நிற்பவனும் பள்ளிப் பாடத்தை ஓட்டல் அறையில் படிப்பவன்தான். அவனுக்கும் கை நடுங்கும். உன் இரண்டாவது சர்வ் மெதுவாக வந்து விழுந்தால், அவனும் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்ததைப் பார்ப்பான்.

ஃபொன்சேகாவுக்கு முன்பே பிரேசிலிலிருந்து இரண்டு பையன்கள் இதே இடத்துக்கு வந்தார்கள். இரண்டு பேரும் என் நோட்டில் இருக்கிறார்கள்.

முதல் பக்கமே தியாகோ ஃபெர்னாண்டஸ்தான். 2010-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜூனியர் பட்டம் வென்றார். ஜூனியர் தரவரிசையில் முதலிடத்துக்கும் வந்தார். பிரேசிலில் அடுத்த குகா என்றார்கள். குகா என்றால் குஸ்தாவோ குவெர்தன். 1997-இல் தரவரிசையில் 66-ஆம் இடத்திலிருந்து வந்து பிரெஞ்சு ஓப்பனை வென்றவர், 2000, 2001 ஆண்டுகளிலும் வென்றவர். அந்த நாட்டில் ஒரு பையன் மட்டையைச் சுழற்றினாலே அவர் பெயரைத் தோளில் ஏற்றிவிடுகிறார்கள். ஃபெர்னாண்டஸ் இருபதுகளின் தொடக்கத்திலேயே விளையாட்டை விட்டுப் படிக்கப் போய்விட்டார். அவர் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் ஏதோ செய்யும். அவர் தோற்றுப்போனார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஜூனியரிலிருந்து தொழில்முறைக்குப் போகும் பாலத்தில் எத்தனை பலகைகள் இல்லாமல் இருக்கின்றன என்று நடந்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டாமவர் தியாகோ செய்போத் வில்ட். 2018 அமெரிக்க ஓப்பன் ஜூனியர் சாம்பியன். 2020-இல் சாண்டியாகோவில் ஏடிபி பட்டமே, அதாவது ஆண்கள் தொழில்முறை டென்னிஸின் மேல்மட்டத்தில் ஒரு பட்டமே வென்றார், அப்போது அவருக்கு 19. சரி, வந்துவிட்டார் என்று எழுதினேன். பிறகு கீழே இறங்கினார், ஏடிபிக்கு ஒரு படி கீழே உள்ள சேலஞ்சர் போட்டிகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். 2023 பிரெஞ்சு ஓப்பனில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, முதல் சுற்றில் அப்போதைய இரண்டாம் நிலை வீரர் மெத்வெதேவை ஐந்து செட்டில் வீழ்த்தினார். ஜூனியர் பட்டத்துக்கும் அந்த மதியத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள்.

இந்த இரண்டு பக்கங்களுக்கும் பிறகுதான் மூன்றாவது பையன் வந்தான். அதனால் 2023 செப்டம்பரில் நான் அவசரப்படவில்லை.

ஜூனியரை விட்டு இந்தப் பக்கம் காலை வைத்ததும் என்ன நடக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் எழுதுவதில்லை. முதலில், எண்கள் எல்லாம் அழிந்துவிடும். ஜூனியர் புள்ளிகளைக் கொண்டுபோய் அங்கே சேர்க்க முடியாது, அது தனிக் கணக்கு. ஜூனியரில் உலகின் முதலிடத்தில் இருந்த ஃபொன்சேகா 2023 முடிந்தபோது ஆண்கள் தரவரிசையில் 700-க்கும் அப்பால் இருந்தார். எம்15 போட்டியை முழுதாக வென்றால் 15 புள்ளி. கிராண்ட் ஸ்லாம் வென்றால் 2000. நடுவில் உள்ள தூரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு இறுதியில் ஜூனியர் முதல் இருபது இடங்களில் இருப்பவர்களுக்குக் கீழ்மட்டத் தொழில்முறைப் போட்டிகளில் சில இடங்களை இப்போது ஒதுக்குகிறார்கள். 2023-இல் தொடங்கிய நல்ல ஏற்பாடு. ஆனால் இடம் மட்டும்தான் தருவார்கள், ஆட்டத்தை நாம்தான் வெல்ல வேண்டும்.

அடுத்தது, எதிரே நிற்கும் மனிதர். அவருக்கு 28 வயது இருக்கும். தரவரிசையில் 300 சொச்சம். அவர் பெயரை யாருக்கும் தெரியாது. அவர் ஆடுவது வீட்டு வாடகைக்காக. உன் வயது, உன் ஜூனியர் கோப்பை எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. நீ அடிக்கும் அற்புதமான பந்துக்கு அவர் முகம் மாறாது. பத்து அற்புதத்துக்கு நடுவே நீ விடும் இரண்டு சோம்பல் பந்துகளுக்காக அவர் காத்திருப்பார்.

அப்புறம் அந்த இரண்டாவது சர்வ், முதல் சர்வ் தவறினால் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. இதைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் போதாது. ஜூனியரில் அது ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஒரு சடங்கு மாதிரி. இங்கே எதிராளி கோட்டுக்குள்ளே ஒரு அடி முன்னே வந்து நிற்பார். நீ பந்தைத் தூக்கிப் போடுவதற்கு முன்பே அவர் முன்னே வருவது உன் ஓரக்கண்ணில் தெரியும். அந்த ஓர் அடி உன் தோளைப் பிடித்துவிடும். தோள் பிடித்தால் கை முழுதாகச் சுழலாது, கை சுழலாவிட்டால் பந்து சுழலாது, சுழலாத பந்து வலையைத் தாண்டி வளைந்து இறங்காது. எனக்கு நடந்தது அதுதான். பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது: பயத்தில் கையை மெதுவாக்கினேன், வேகமாக்கியிருக்க வேண்டும். இரண்டாவது சர்வில்தான் கை இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். பந்தின் மேல்பக்கத்தை உரசி ஏறும் அந்தச் சுழல்தான் பாதுகாப்பு. சொல்வது எளிது. மேட்ச் பாயிண்டில் அதை நம்புவதற்கு ஆயிரம் ஆட்டங்களில் நம்பிப் பழகியிருக்க வேண்டும்.

அதுவும் போதாதென்று, வாராவாரம் தோல்வி. 32 பேர் ஆடும் போட்டியில் ஒரே ஒருவர்தான் தோற்காமல் வீட்டுக்குப் போகிறார். ஜூனியர் முதலிடத்தில் இருந்த பையனுக்குத் தோற்றுப் பழக்கம் இருக்காது. செவ்வாய்க்கிழமை தோற்றுவிட்டு, அடுத்த ஊருக்கு டிக்கெட் மாற்றி, அங்கே போய்த் திங்கட்கிழமைவரை பயிற்சிக்கு ஆள் தேடி, மறுபடி செவ்வாய்க்கிழமை தோற்பது. என் ஒன்றரை ஆண்டில் பாதி இப்படித்தான் போனது.

ஃபொன்சேகாவுக்கு இதெல்லாம் இல்லாமல் போய்விடவில்லை. 2023 பிப்ரவரியில், 16 வயதில், சொந்த ஊரான ரியோவில் நடக்கும் போட்டியில் வைல்டு கார்டு, அதாவது தரவரிசை பார்க்காமல் தரும் இடம் ஒன்றைக் கொடுத்தார்கள். முதல் சுற்றிலேயே தோற்றார். 2024 பிப்ரவரியில் மறுபடி வைல்டு கார்டு. இம்முறை முதல் சுற்றில் பிரான்சின் ஆர்தர் ஃபில்ஸ், 19 வயதிலேயே முதல் ஐம்பதுக்குள் இருந்தவர். 6-0, 6-4 என்று ஃபொன்சேகா வென்றார். அந்த 6-0 செட்டை நான் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். பையன் பந்தை முன்கூட்டியே எடுக்கிறான், பந்து எழும்பும்போதே அடிக்கிறான், களிமண் தரையில் அப்படி அடிக்கத் தனித் துணிச்சல் வேண்டும். அடுத்த சுற்றில் சிலியின் கிறிஸ்டியன் காரின், அவரையும் வென்றான். அப்புறம் காலிறுதியில் நவோனே.

நவோனே தகுதிச் சுற்றிலிருந்து வந்தவர். சேலஞ்சர் போட்டிகளில் களிமண்ணைத் தின்று வளர்ந்தவர் என்றே சொல்லலாம். நான் மேலே சொன்ன மனிதர்களின் வகை: அவசரமில்லை, கோபமில்லை, பந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும். மூன்று செட்டில் பையனை முடித்தார். அதே ஓட்டத்தில் அந்தப் போட்டியின் இறுதிவரை போனார். அன்றுதான் இடது ஓரத்தில் அந்தப் பெயரை எழுதினேன்.

அதற்குச் சில நாள் கழித்து வந்த செய்திதான் என்னை இந்தப் பையன் பக்கம் முழுதாக இழுத்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஆடிக்கொண்டே படிக்க அவருக்கு இடம் உறுதியாகியிருந்தது. அதை விட்டுவிட்டுத் தொழில்முறை ஆட்டக்காரராகப் போகிறேன் என்று அறிவித்தார்.

கல்லூரி வழி தவறான வழி என்று நான் சொல்லமாட்டேன். உடம்பு தேறும், தோற்றாலும் பக்கத்தில் அணி இருக்கும், நான்கு ஆண்டு கழித்துத் தொழில்முறைக்குப் போய் மேலே வந்தவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது என்று இன்றும் சொல்வேன். ஆனால் இங்கே ஒரு 17 வயதுப் பையன் நவோனேவிடம் தோற்ற கையோடு முடிவெடுத்தான் என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்தத் தோல்வியில் அவன் தூரத்தை அளந்திருக்கிறான், எட்டிவிடும் தூரம்தான் என்று பார்த்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் மனதுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, இது என் ஊகம்தான்.

என் கடைசிப் போட்டிக்குப் பிறகு வீட்டில் நடந்த பேச்சு நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் அப்பா ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பயணம், தங்குமிடம், மட்டை நரம்பு, காலணி என்று வரிவரியாக. என் முகத்தைப் பார்க்காமல், "நீ ஆடணும்னு சொன்னா ஆடலாம்பா, நான் பார்த்துக்கிறேன்" என்றார். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. கல்லூரியில் சேர்கிறேன் என்றேன். பயந்தது நான்தான், அவர் இல்லை. அந்தத் தாளை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

2024-இன் மிச்ச மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மட்ரிட்டில் வைல்டு கார்டு, ஒரு வெற்றி, ஒரு தோல்வி. ஆகஸ்ட்டில் லெக்சிங்டனில் முதல் சேலஞ்சர் பட்டம். அமெரிக்க ஓப்பன் தகுதிச் சுற்றில் தோல்வி. முந்தைய ஆண்டு ஜூனியர் கோப்பையைத் தூக்கிய அதே வளாகம்! வயதுக் கணக்குப்படி அந்த ஆண்டும் ஜூனியரில் இறங்கியிருக்கலாம், கோப்பையைத் தக்கவைத்திருக்கலாம். அதைச் செய்யாமல், பார்வையாளர்கள் குறைவாக இருக்கும் தகுதிச் சுற்றில் தோற்றுவிட்டுப் போனார். என் நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். தோல்விக்கு நட்சத்திரம் போட்டது அந்த ஒரு முறைதான்.

டிசம்பரில் ஜெட்டாவில் நெக்ஸ்ட் ஜென் போட்டி, 20 வயதுக்குட்பட்ட எட்டு பேர். நான்கு கேம் எடுத்தால் ஒரு செட், டியூஸில், அதாவது 40-40 ஆனால், ஒரே புள்ளியில் முடிவு. விதிகள் கொஞ்சம் விளையாட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் சின்னர் 2019-இலும் அல்கராஸ் 2021-இலும் வென்ற போட்டி அது, இருவரும் 18 வயதில். எட்டு பேரில் தரவரிசையில் கடைசி ஆள் ஃபொன்சேகா, 145-ஆம் இடம். இறுதியில் எதிரே வந்து நின்றது யார்? லெர்னர் டியென். நியூயார்க்கில் பார்த்த அதே முகம். இம்முறையும் முதல் செட் டியெனுக்கு, இம்முறையும் திருப்பியது ஃபொன்சேகா. டியெனின் பக்கத்தில் வலது ஓரத்தில் "மறுபடி தோல்வி" என்று எழுத வேண்டியிருந்தது. எழுதும்போது அந்தப் பையனுக்காகவும் வருத்தமாக இருந்தது.

ஜனவரி. கான்பெராவில் சேலஞ்சர் பட்டம், உடனே மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன், தகுதிச் சுற்றில் மூன்று வெற்றிகள். 128 பேர் ஆடும் பிரதான சுற்றில் 16 இடம் தகுதிச் சுற்றுக்காரர்களுக்கு. குலுக்கலில் அவருக்கு விழுந்தது ஒன்பதாம் நிலை வீரர் ஆந்த்ரே ரூப்லெவ், இரவு ஆட்டம், பெரிய அரங்கு. அவருடைய முதல் கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்று ஆட்டம். 7-6, 6-3, 7-6. 6-6 ஆனால் ஆடும் டை-பிரேக் இரண்டையும் பையன் எடுத்தான். மணிக்கு 181 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஃபோர்ஹேண்ட் போனதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. டை-பிரேக்கில் முதல் சர்வ் தவறியபிறகு அவன் தோள் இறுகவில்லை. கை முழுதாகச் சுழன்றது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அடுத்த சுற்றில் இத்தாலியின் லொரென்சோ சொனேகோவிடம் ஐந்து செட்டில் தோல்வி. வாழ்க்கையில் முதல் ஐந்து செட் ஆட்டம். ஜூனியரில் பழக்கிக் கொடுக்கவே முடியாத விஷயம் இது. நான்காவது செட்டை வென்றபிறகும் இன்னும் ஒரு முழு செட் மிச்சமிருக்கிறது என்று கால்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். சொனேகோவின் பெயரும் இடது ஓரத்தில் ஏறியது.

(அதே மெல்போர்னில், அதே இரண்டாவது சுற்றில், தகுதிச் சுற்றிலிருந்து வந்த டியென் மெத்வெதேவை ஐந்து செட்டில் தோற்கடித்தார். முடிந்தபோது பின்னிரவு மூன்று மணி நெருங்கிவிட்டது. அவர் நான்காவது சுற்றுவரை போனார். இரண்டு ஜூனியர்கள், ஒரே இறுதி ஆட்டத்திலிருந்து கிளம்பியவர்கள், ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டே ஏறுகிறார்கள். நல்ல போட்டியாளன் அமைவது நல்ல பயிற்சியாளர் அமைவதைப் போலத்தான். அதே ஆண்டு நவம்பரில் பிரான்சின் மெட்ஸில் முதல் ஏடிபி பட்டத்தை டியென் வென்றபோது நான் தனியாகக் கைதட்டினேன்.)

சரி, பியூனஸ் அயர்ஸுக்கு வருகிறேன். அந்த வாரம் ஃபொன்சேகாவுக்கு எதிரே வந்தவர்களைப் பாருங்கள்: எட்செவெரி, ஃபெடெரிகோ கோரியா, நவோனே, பிறகு செர்பியாவின் ஜெரே, இறுதியில் செருண்டோலோ. ஐந்தில் நான்கு பேர் அர்ஜென்டினாக்காரர்கள், அவர்கள் தலைநகரில். பிரேசில் பையனுக்கு இதைவிடக் கடினமான வாரம் அமையாது.

நவோனே முதல் செட்டை 6-3 என்று எடுத்தபோது, ரியோவில் பார்த்ததே திரும்ப நடக்கிறது என்று நினைத்தேன். பந்து வந்துகொண்டே இருந்தது. பையன் அடித்து அடித்துத் தவறவிட்டான். இரண்டாவது செட் 6-4 என்று பையனுக்கு. மூன்றாவதில்தான் அந்த மேட்ச் பாயிண்ட். ஒன்றல்ல, இரண்டு. முதல் மேட்ச் பாயிண்டின்போது நான் திரையைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்த வலது பாதியைப் பார்த்தேன். அரங்கத்தின் சத்தம் மாறியதை வைத்துத்தான் முடியவில்லை என்று தெரிந்தது. இரண்டாவதைப் பார்த்தேன்.

7-5. ஓர் ஆண்டில் என்ன மாறியிருந்தது என்று கேட்டால், ஃபோர்ஹேண்ட் அப்போதே இருந்தது. ரியோவில் நீண்ட ரேலி வரும்போது பையன் பொறுமை தீர்ந்து கோட்டை ஒட்டி அடித்துவிடுவான், பாதி வெளியே போகும். இப்போது ஒரு பந்து கூடுதலாகக் காத்திருந்தான். ஒரே ஒரு பந்து. அதைக் கற்றுக்கொள்ளத்தான் ஓர் ஆண்டு, அத்தனை சேலஞ்சர், அத்தனை செவ்வாய்க்கிழமைகள்.

வலது பாதியில் எழுதினேன்: "2025 பிப்ரவரி, பியூனஸ் அயர்ஸ், காலிறுதி, 3-6, 6-4, 7-5, இரண்டு மேட்ச் பாயிண்ட் தாண்டி." எழுதும்போது பேனா அழுத்தி அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்துவிட்டது.

இறுதியில் செருண்டோலோவை 6-4, 7-6 என்று வென்று முதல் ஏடிபி பட்டம். அப்புறம் இரண்டு நாளில் ரியோவில் முதல் சுற்று, நாடே வந்து உட்கார்ந்திருக்கிறது, பிரான்சின் அலெக்ஸாந்த்ர் முல்லரிடம் இரண்டு செட்டில் தோல்வி. முதல் செட் 6-1. ரியோவின் வரிசையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: 2023-இல் முதல் சுற்று, 2024-இல் காலிறுதி, 2025-இல் பட்டத்தோடு வந்து மறுபடி முதல் சுற்று. மேலே ஏறுவதை ஒரு கோடாக வரைந்து காட்டுகிறவர்கள் இந்த வாரத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்த வாரம் பிடிக்கும். அவ்வளவு கொண்டாட்டத்துக்கு நடுவே, களைத்த காலோடு, வராமல் இருந்திருக்கலாம் என்று யாரும் குறை சொல்லாத நிலையில் வந்து ஆடித் தோற்றான்.

அந்த ஆண்டு அக்டோபரில் பாசெல். ஃபெடரரின் ஊர், அவர் பந்து பொறுக்கிய சிறுவனாக இருந்த போட்டி, பிறகு பத்து முறை வென்ற போட்டி. ஃபெடரரைப் பார்த்து வளர்ந்த பையன் அங்கே டாவிடோவிச் ஃபோகினாவை 6-3, 6-4 என்று வென்று கோப்பை வாங்கினான். 19 வயது. உள்ளரங்கு, கடினத் தரை. களிமண்ணில் பிறந்த ஆட்டம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்த இறுதி ஆட்டத்தை நான் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, பந்து எங்கே விழுந்தது என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில், "இந்தப் பையனோட ரெண்டாவது சர்வ் எப்படி?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். தலையாட்டினார். அதற்கு மேல் இருவரும் எதுவும் பேசவில்லை.

என்னைத் தோற்கடித்த மனிதரை நான் பிறகு சந்திக்கவே இல்லை. அவர் பெயர் நினைவிருக்கிறது, அவர் முன்னே எடுத்து வைத்த அந்த ஓர் அடி நினைவிருக்கிறது. நான் நிறுத்தியபிறகும் அவர் சில ஆண்டுகள் ஆடினார் என்று கேள்விப்பட்டேன்.

இன்று மாலை ஓர் எம்15 போட்டியின் தகுதிச் சுற்றை நேரலையில் பார்க்கப் போகிறேன். ஒரே ஒரு நிலையான கேமரா, வர்ணனை கிடையாது, கோர்ட்டுக்குப் பக்கத்தில் யாராவது காயவைத்த துண்டு தெரியும். 16 வயதுப் பையன் ஒருவன் ஆடுகிறான். மூன்று மாதத்துக்கு முன்பு 6-2, 6-1 என்று அவனைத் தோற்கடித்தவரோடுதான் இன்றைக்கும். அவனுக்குப் புதுப் பக்கம் திறந்து, இடது ஓரத்தில் எழுதிவிட்டேன்.